பேர் வெட்டாத மூடி

ஜெயராணி கோவக்காரி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, பிறகு யாரும் என்னைக் கேட்கக் கூடாது. ஆவூர்க் கோயிலில் ஞானஸ்நானம் எடுத்த அன்றைக்கே சாமியாரின் அங்கியைப் பிடித்து இழுத்த பிள்ளை என்று அவள் அக்கா வேளாங்கண்ணி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். திருச்சியில் எம்.எஸ்ஸி. பிசிக்ஸ் முடித்தாள், ஜஸ்டினைக் கட்டினாள், ஜஸ்டின் சிங்கப்பூர் போனான், மகள் பிறந்தாள். "இனிமே என்ன, வீட்டப் பாத்துக்கிட்டு இரு" என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். சொன்னவர்கள் வீட்டு விசேஷத்துக்கெல்லாம் அவள் ரொம்ப நாள் போகவே இல்லை.

மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் ஜெயராணி புதுக்கோட்டையில் ஒரு கல்லூரிக்கு ஆராய்ச்சி மாணவியாகப் போனாள். அங்கே மானியத்தில் வாங்கிய ராமன் மெஷின் ஒன்று உறை கழற்றாமல் கிடந்தது. யாருக்கும் இயக்கத் தெரியாது, தெரியாது என்று ஒத்துக்கொள்ளவும் ஆளில்லை. இவள் கையேட்டைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் படித்தாள், சோறு வடிக்கும்போது படித்தாள், கடைசியில் ஓட்டியே காட்டிவிட்டாள். அன்றிலிருந்து அந்தக் கட்டடத்தில் அவளுக்கு 'ராமன் ரூம் ஜெயராணி' என்றுதான் பேர்.

மெஷின் செய்கிற வேலை சொன்னால் சின்ன வேலைதான். ஒரு பொருள் மேல் லேசர் வெளிச்சத்தைப் பாய்ச்சினால் கிட்டத்தட்ட அத்தனையும் போன நிறத்திலேயே திரும்பி வந்துவிடும். கோடியில் ஒரு துளி மட்டும் அந்தப் பொருளுக்குள் இருப்பதைத் தொட்ட அடையாளத்தோடு நிறம் மாறி வரும். அந்தத் துளியைப் பிரித்தால் கம்ப்யூட்டரில் மேடும் பள்ளமுமாக ஒரு கோடு விழும். கைரேகை ஆளுக்கு ஆள் மாறுகிற மாதிரி இந்தக் கோடும் மாறும். ஜெயராணியும் மைக்ரோபயாலஜி அருணாவும் சேர்ந்து, பாலைக் கெடுக்கிற பாக்டீரியாக்களின் கோடுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தார்கள். அருணா வளர்ப்பாள், இவள் வெளிச்சம் அடிப்பாள்.

இப்படி இருக்கும்போதுதான் வேளாங்கண்ணி போன் பண்ணினாள்.

ஆவூருக்குப் பக்கத்துப் பட்டியில் பால் சென்டர் நடத்துகிறவள் வேளாங்கண்ணி. ஊர்க்காரர்கள் காலையில் கறந்து, ஆளாளுக்குத் தங்கள் எவர்சில்வர் கேனில் கொண்டுவந்து ஊற்றுவார்கள். எல்லாம் ஒன்றாகக் கலந்து பெரிய கேனுக்குப் போகும், கம்பெனி வண்டி வந்து எடுத்துப் போகும். சில வாரமாக ஒரே தலைவலி. சென்டரில் ஊற்றும்போது பால் நன்றாக இருக்கிறது. மதியம் கம்பெனியில் கொதிக்கவைத்துப் பார்த்தால் திரிந்து போகிறது. புளிக்கவும் இல்லை, நாறவும் இல்லை, கொதி வந்ததும் கட்டி கட்டியாகப் பிரிந்துவிடுகிறது. இனி ஒரு தடவை இப்படி ஆனால் வண்டி இந்தப் பக்கமே வராது என்று டிரைவர் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"யாரு பாலுன்னு தெரியலையாக்கா?"

"எல்லாம் ஒண்ணா கலந்துருதுல்ல, எப்பிடித் தெரியும்? ஆனா ஊர்ல எல்லாரும் கருப்பனத்தான் சொல்றாங்க. உதயசூரியன் மாமா ஒத்தக் கால்ல நிக்கிறாரு. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு கூட்டம் போட்டிருக்கோம், அவன நிப்பாட்டிருவோம்னு. நீ ஒன் மெஷின வச்சு, அவன் கேன்தான்னு ஒரு வார்த்த சொல்லிரு. எனக்கும் மனசு உறுத்தாது."

"பாக்காமலே சொல்லவா?"

"பாத்துட்டுத்தான் சொல்லேன். யாரு வேணாங்கிறா?"

மறுநாள் காலையில் ஜெயராணி போய் இறங்கினாள். வரிசையாக நின்ற கேன்களின் உள்பக்கத்தை ஒவ்வொன்றாகப் பஞ்சுக் குச்சியால் துடைத்துக் குழாயில் போட்டாள். கருப்பன் தன் டிவிஎஸ் எக்ஸெல்லை ஓரமாக நிறுத்திவிட்டு, கேனை இறக்காமலே நின்றார். நார்த்தாமலைப் பக்கத்து ஆள், கல்குவாரி வேலையை விட்டுவிட்டு மாமனார் ஊரில் வந்து இரண்டு பசு வைத்திருக்கிறார்.

"என் கேனையும் தொடைங்க டீச்சரம்மா. நல்லாத் தொடைங்க" என்றார். "ரெண்டு மாட்ட வச்சுத்தான் புள்ளைய காலேஜுக்கு அனுப்புறேன். இங்க ஊத்தலேன்னா நான் வேற எங்கிட்டுப் போவேன்?"

"ஏன் உங்களச் சொல்றாங்க அண்ணே?"

"என் மூடியில பேரில்லையாம்."

விஷயம் இதுதான். பங்குனிக்கு முன்னால் சென்டரில் மூடிச் சண்டை பெரிய சண்டையாக இருந்தது. எல்லா மூடியும் ஒரே மாதிரி. என் மூடியை நீ எடுத்தாய், நசுங்கினதை எனக்கு வைத்தாய் என்று தினமும் காலையில் ஒரு ரகளை. மேலே பெயிண்ட்டால் எழுதினால் சாம்பல் போட்டுத் தேய்ப்பதில் போய்விடுகிறது. வேளாங்கண்ணிதான் ஒரு வழி கண்டுபிடித்தாள். அன்னவாசலிலிருந்து பாத்திரத்தில் பேர் வெட்டுகிற ஆளைக் கூட்டிவந்து, எல்லா மூடியிலும் உள்பக்கமாகப் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டச் சொன்னாள். உள்ளே வெட்டினால் தேயாது, மேலே பளபளப்பும் கெடாது. அத்தோடு சண்டை நின்றது, ஊரே அவளைப் புகழ்ந்தது. கருப்பன் அன்றைக்கு நார்த்தாமலை மாரியம்மனுக்குப் பூச்சொரியப் போயிருந்தார். ஒற்றை மூடிக்காக அந்த ஆளை மறுபடி யார் கூப்பிடுவது? அப்படியே விட்டுவிட்டார்கள்.

பால் திரிய ஆரம்பித்ததும் உதயசூரியன் கேட்டார், "எல்லாரும் பேர் வெட்டிக்கிட்டோம். இவன் மட்டும் ஏன் வெட்டிக்கல? என்னத்தையோ மறைக்கிறான்." அவர் சென்டரில் மூத்த உறுப்பினர், குரலும் பெரிசு. அவர் சொன்னால் நாலு பேர் தலையாட்டுவார்கள். தலையாட்டினவர்களில் நம்ம வேளாங்கண்ணியும் உண்டு, மறைத்து என்ன ஆகப் போகிறது.

புதுக்கோட்டைக்குத் திரும்பின ஜெயராணி நேரே ராமன் ரூமுக்குள் போனாள். கண்ணாடித் துண்டில் வைத்தால் கண்ணாடியே பளபளவென்று மினுங்கி எல்லாவற்றையும் மறைத்துவிடும். அதற்கென்று இருக்கிற விலை கூடின துண்டுகளைக் கல்லூரி வாங்கித் தரவில்லை. அதனால் அவள் பழைய டிபன் பாக்ஸ் மூடி ஒன்றை வெட்டி, அந்த எவர்சில்வர் துண்டுகளின் மேல்தான் சொட்டு வைப்பாள். வேலை கச்சிதமாக நடக்கும்.

அன்றைக்கு நடக்கவில்லை. முதல் சொட்டில் பால்தான் தெரிந்தது. இரண்டாவதிலும் பால். கொழுப்பு, சர்க்கரை, புரதம் என்று வரிசையாகத் தலையைத் தூக்கிக்கொண்டு நின்றன.

"பாலுக்குள்ள பாக்டீரியாவத் தேடுனா பால்தான் தெரியும். குடு இங்கிட்டு" என்று அருணா குழாய்களை வாங்கிக்கொண்டு போனாள். சுழற்றி, அலசி, மறுபடி சுழற்றி, அடியில் தங்கின மண்டியை மட்டும் கொடுத்தாள். ஜெயராணி அதைக் காயவைத்து வெளிச்சம் அடித்தாள்.

அவள் தேடினது ஆயிரத்துப் பதினேழு. எந்த பாக்டீரியாவுக்கும் கோட்டில் ஆயிரத்து மூன்று என்கிற இடத்தில் ஒரு கொம்பு நிற்கும். அதற்குப் பக்கத்திலேயே ஆயிரத்துப் பதினேழில் இன்னொரு கொம்பு நின்றால், ஆள் பேசில்லஸ். கஷ்ட காலம் வந்தால் அது கெட்டி ஓட்டுக்குள் சுருண்டு படுத்துக்கொள்ளும். ஸ்போர் என்பார்கள். வெந்நீர் ஊற்று, ஸ்பிரிட் ஊற்று, அசையாது. பால் கிடைத்ததும் எழுந்து வேலையைக் காட்டும், புளிக்காமலே பாலைத் திரியவைக்கும். வேளாங்கண்ணி போனில் சொன்ன அடையாளம் அத்தனையும் இந்தத் திருடனுக்குத்தான் பொருந்தியது.

ஆனால் கேன்களில் அது இல்லை. உதயசூரியன் கேனிலும் இல்லை, கருப்பன் கேனிலும் இல்லை, எதிலுமே இல்லை. "ஒன் மெஷினுக்குக் கண்ணு தெரியல போல" என்று வேளாங்கண்ணி போனை வைத்துவிட்டாள்.

ஜெயராணிக்கு வந்த கோவம் கொஞ்சநஞ்சமில்லை. மெஷினையே சந்தேகப்பட்டு, முதலிலிருந்து சரிபார்க்க உட்கார்ந்தாள். ஒன்றுமே வைக்காத துண்டைப் பார்த்தால் கோடு வெறுமையாக விழ வேண்டும், அதுதான் கணக்கு. ஒரு துண்டை எடுத்து, சோப்புப் போட்டு, ஸ்பிரிட்டில் துடைத்து வைத்தாள்.

ஆயிரத்துப் பதினேழு ஜம்மென்று நின்றது.

"அருணா! ஒன் பூச்சி ஊரெல்லாம் மேயுது! இங்க வந்து பாரு!"

"நான் வளக்குற கல்ச்சர் எல்லாம் பூட்டித்தான் இருக்கு. நீ ஒழுங்காக் கழுவல" என்று அருணா அங்கிருந்தே கத்தினாள்.

"நானா கழுவல? கை தோல் உரியக் கழுவியிருக்கேன்!"

மறுபடி கழுவினாள். மறுபடி நின்றது. வேறு துண்டு வைத்தாள், வெறுமைதான் வந்தது. இந்த ஒரு துண்டில் மட்டும் அடம். போன மாதம் அருணா வளர்த்த பேசில்லஸை இதே துண்டில் வைத்துப் பார்த்தது ஞாபகம் வந்தது. சரி, எல்லாத் துண்டையும் ஒரே மாதிரிதானே கழுவுகிறோம்? லேசரை மைக்ரோஸ்கோப்பில் மெல்ல நகர்த்தினாள். வழவழப்பான இடத்தில் கோடு சுத்தமாக இருந்தது. இன்னும் நகர்த்தினாள். ஒரு சின்னப் பள்ளத்தில் விழுந்ததும் கொம்பு எழுந்தது. அடுத்த பள்ளத்திலும் எழுந்தது. பள்ளங்கள் வரிசையாகப் போயின.

துண்டைக் கையில் எடுத்து ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தாள். அவள் கல்யாணச் சீர் டிபன் பாக்ஸ். அதில் வெட்டியிருந்த 'ஜெயராணி'யில் 'ரா' மட்டும் அந்தத் துண்டில் மாட்டியிருந்தது.

"மாதாவே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அருணா பயந்துபோய் ஓடி வந்தாள். ஜெயராணி அவளைப் பிடித்துக் கட்டிக்கொண்டு குதித்தாள். அக்கா ஊரில் எல்லா மூடியிலும் உள்ளே பேர் இருக்கிறது. அந்தக் குண்டும் குழியுமான ரோட்டில் எக்ஸெல்லில் வரும்போது பால் தளும்பி மூடியின் உள்பக்கத்தில் அடித்துக்கொண்டே வரும். இவள் கேனைத்தான் துடைத்தாளே தவிர, மூடியைத் தொடவே இல்லை.

அடுத்த காலையே ஓடிப்போய் மூடிகளில் பேர் இருக்கிற இடத்தைத் தேய்த்து எடுத்துவந்தாள். அருணா அலசிக் கொடுத்தாள். உறுப்பினர் ஒவ்வொருவராக வெளிச்சத்தில் வந்து நின்றார்கள், ஆயிரத்துப் பதினேழும் கூடவே வந்து நின்றது. உதயசூரியன் மூடியில் அது எல்லோரையும்விட உயரம், பேரும் பெரிய பேரில்லையா. கருப்பன் மூடியில் மட்டும் ஒன்றுமே இல்லை. வழவழப்பான மூடி, ஒரு துடைப்பில் எல்லாம் போய்விடுகிறது. ஜெயராணி வாய்விட்டுச் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் அக்காவிடம் சொல்லும்போதுதான் சிரிப்பு போனது.

"அப்ப நான் பேர் வெட்டச் சொன்னதுதான் தப்புங்குற."

"தப்புன்னு யாருக்குக்கா தெரியும்? எனக்கே தெரியாது."

"ஊரு கேக்குமா அத? என் கையால நானே ஊர்ப் பாலக் கெடுத்தேன்னு பேசுவாங்க. அம்மா போன பெறகு ஒன்னைய வளத்தவ நான். எனக்குன்னு ஒரு வார்த்த கேட்டேன், நீ என் தலையிலயே போட்டுட்ட."

"கருப்பண்ணன் தலையில போட்டா பரவாயில்லையாக்கா?"

வேளாங்கண்ணி வாளியை எடுத்தாள். மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டாள். அக்கா முகம் கொடுக்காவிட்டால் ஜெயராணிக்குச் சோறு இறங்காது, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஆனாலும் சொன்னதைத் திருப்பி எடுக்க அவள் தயாராக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சென்டர் வாசலில் ஆட்கள் கூடினார்கள். ஜெயராணி மெஷினைப் பற்றி மூச்சே விடவில்லை. கோட்டைக் காட்டினால் 'என்ன காதுல பூ சுத்துறியா' என்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். அக்கா வீட்டுப் பசுவைத் தானே கறந்து ஒரே குடத்தில் கொண்டுவந்து வைத்தாள். நன்றாகக் கழுவின இரண்டு கேன் பக்கத்தில் நின்றன, கைப்பிடியில் சிவப்பு ரிப்பன் கட்டினது உதயசூரியனுடையது, இன்னொன்று கருப்பனுடையது. எல்லோர் கண் முன்னாலும் ஒரே பாலை இரண்டிலும் ஊற்றினாள்.

"ரெண்டுலயும் ஒரே பாலு. மதியம் காச்சிப் பாப்போம். எது திரியுதோ, கோளாறு அதுலதான். சரியா மாமா?"

"ரொம்பச் சரி" என்றார் உதயசூரியன். "ரெண்டையும் நானே என் வண்டியில கட்டிக் கோயிலுக்குக் கொண்டுபோறேன். நடுவுல எவனும் கை வைக்கக் கூடாதுல்ல."

கோளாறு மூடியில்தான் என்று காட்ட, மூடிகளை மாற்றிவைக்கும் எண்ணத்தோடு ஜெயராணி குனிந்தாள். அதற்குள் வேளாங்கண்ணியின் கை முந்தியது. இரண்டு மூடியையும் எடுத்து, உள்பக்கத்தை ஒரு பார்வை பார்த்தாள். மேலிருந்து பார்த்தால் எது யாருடையது என்று யாருக்கும் தெரியாது. ஒன்றை ரிப்பன் கேனிலும் மற்றதைக் கருப்பன் கேனிலும் வைத்து அழுத்தினாள். தங்கச்சியை ஏறிட்டுப் பார்த்தாள். மாற்றித்தான் வைத்திருக்கிறாள் என்று ஜெயராணிக்குப் புரிந்துவிட்டது. மனசு நிறைந்துபோய், அன்றைக்குப் பூசையில் பாட்டெல்லாம் உரக்கப் பாடினாள்.

உச்சி வெயில் ஏறினதும் எல்லோரும் சென்டருக்கு வந்தார்கள். கேஸ் அடுப்பில் இரண்டு பாத்திரம் ஏறின. கருப்பன் தூரத்தில் வேப்பமரத்தடியில் நின்றார், பக்கத்தில் வரச் சொல்லியும் வரவில்லை. முதலில் கருப்பன் கேன் பாலை ஊற்றினார்கள். அது சூடேறியது, ஓரத்தில் நுரைத்தது, நுரைத்த நிமிஷமே கட்டி கட்டியாகப் பிரிந்து தண்ணீரும் திப்பியுமாக நின்றது.

"பாத்தீங்களா! பாத்தீங்களாய்யா!" உதயசூரியன் துண்டை உதறித் தோளில் போட்டார். "நான் தல தலயா அடிச்சுக்கிட்டேனா இல்லையா? ஒரே பாலு, அவன் கேனுக்குள்ள போனதும் திரிஞ்சு போச்சு. இனி என்ன கூட்டம், என்ன பேச்சு?"

கருப்பன் வண்டிச் சாவியைத் தேடினார்.

"இருங்க அண்ணே, போகாதீங்க" என்று ஜெயராணி கத்தினாள். "மாமா, உங்க கேன் பாலையும் பாத்துருவோம்."

ரிப்பன் கேன் பால் பொங்கியது. ஆடை கட்டி, விளிம்பு வரைக்கும் ஏறி, ஊதி அடக்கும்படி அழகாகப் பொங்கியது. உதயசூரியன் பெருமையோடு எல்லோரையும் பார்த்தார்.

"மாமா, அந்தத் திரிஞ்ச பாலுக்கு மேல இருந்த மூடியக் கொஞ்சம் திருப்பிப் படிங்க."

அவர் எடுத்துத் திருப்பினார். படித்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"சத்தமாப் படிங்க மாமா, எல்லாருக்கும் கேக்கணும்ல."

"உதயசூரியன்" என்றார் அவர்.

"இப்ப இதையும் படிங்க" என்று வேளாங்கண்ணி, நல்ல பால் இருந்த ரிப்பன் கேனின் மூடியைத் தானே எடுத்து நீட்டினாள். அதில் படிக்க ஒன்றும் இல்லை. வேளாங்கண்ணியே பேசினாள். "கருப்பண்ணன் மேல குத்தமில்ல. பேர் வெட்டுன குழியில போய் ஒரு கிருமி ஒக்காந்துக்கிச்சு. வெந்நி ஊத்துனாலும் போகாதாம். எங்க வீட்டு மூடியிலயும் இருக்கு. வெட்டச் சொன்னவ நானு. திட்டுறதா இருந்தா என்னையத் திட்டுங்க."

யாரும் திட்டவில்லை. ஆளாளுக்குத் தன் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள், விரலால் தடவினார்கள், மோந்துகூடப் பார்த்தார்கள். உதயசூரியன் கையிலிருந்த மூடியைக் கீழே வைத்தார். பிறகு வேப்பமரத்தடிக்குப் போய்க் கருப்பனின் கையைப் பிடித்தார். "ஏய்யா, நாந்தான் மடத்தனமாப் பேசிட்டேன். மனசுல வச்சுக்காத" என்று சொல்லி, அந்தப் பொங்கின பாலில் முதல் காப்பி அவருக்குப் போடச் சொன்னார். கருப்பன் அழுதுகொண்டே குடித்தார். ஜெயராணியும் அழுதாள், கோவக்காரி அழுதால் ஊரே வேடிக்கை பார்க்கும், பார்க்கட்டும்.

புது மூடிகள் வந்த நாளிலிருந்து கம்பெனியில் பால் ஒரு நாளும் திரியவில்லை. வண்டி ஒழுங்காக வருகிறது. பழைய மூடிகள் அத்தனையும் இப்போது ராமன் ரூம் அலமாரியில் இருக்கின்றன. சென்னையில் ஒரு மாநாட்டில் ஜெயராணி அவற்றைப் பற்றி மேடையேறிப் பேசினாள். முன்வரிசையில் இருந்த ஒருவர் உங்கள் மாதிரிகள் எங்கே கிடைத்தன என்று கேட்டதற்கு, "எங்க அக்கா சென்டர்ல" என்றாள். கைதட்டல் அடங்க நேரமானது. அக்காவுக்கு அந்த வீடியோவைப் போட்டுக் காட்டியபோது, வேளாங்கண்ணி தன்னைப் பற்றிச் சொன்ன இடத்தை மட்டும் மறுபடி மறுபடி ஓடவிட்டுப் பார்த்தாள்.

புது மூடி வந்த அன்றைக்கு நடந்ததைச் சொல்லாமல் விட்டால் அது கருப்பனுக்குச் செய்கிற துரோகம். இந்தத் தடவை மேல்பக்கத்தில் சிவப்பு எனாமல் பெயிண்ட், அழிந்தால் திரும்ப எழுதிக்கொள்வது என்று முடிவு. வேளாங்கண்ணி பிரஷ்ஷோடு உட்கார்ந்தாள். உதயசூரியன் வழக்கம்போல முதல் ஆளாக மூடியை நீட்டினார்.

"பொறுங்க மாமா" என்று அவள் அதை ஒதுக்கிவைத்தாள். "கருப்பண்ணே, இங்கிட்டு வாங்க. உங்க மூடியக் குடுங்க. பேர எப்பிடி எழுத?"

கருப்பன் மூடியைத் துண்டால் இரண்டு தரம் துடைத்துக் கொடுத்தார்.

"பெருசா எழுது தாயி" என்றார். "ரோட்டுல போறவனுக்கும் தெரியணும்."